செல்லைப் பற்றிக் கேட்கும் முன் ரத்தத்தைப் பற்றிக் கேளுங்கள்: மூச்சுக்குழாய் மாற்று ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

ஆய்வகத்தில் உருவாக்கிய மூச்சுக்குழாயை மனிதருக்குப் பொருத்த அனுமதி கேட்டு உங்களிடம் வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். நோயாளிக்கு வேறு வழியில்லை என்று தொடங்கும். அவருடைய சொந்தச் செல்களையே பயன்படுத்துவதால் உடல் நிராகரிக்காது என்று சொல்லும். செல்களை எங்கே எடுத்தோம், எப்படி வளர்த்தோம், எப்படிச் சாயமேற்றிப் பார்த்தோம் என்று பக்கம் பக்கமாக விவரிக்கும். அந்தச் செல்களுக்கு முதல் வாரத்தில் ரத்தம் எங்கிருந்து வரும் என்பதற்கு மட்டும் ஒரு பத்திகூட இருக்காது. மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சையிலும் திசுப் பொறியியலிலும் வேலை செய்யும் நாங்கள் இந்த மடலை எழுதுவது விடுபட்டுப்போகும் அந்த ஒரு பத்திக்காகத்தான். அது இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வளர்ந்தவரின் மூச்சுக்குழாய் 10 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும். முன்புறமும் பக்கங்களிலும் 18 முதல் 22 குருத்தெலும்பு வளையங்கள். பின்சுவர் மெல்லிய தசை. மூச்சை இழுக்கும்போது பக்கவாட்டில் அமுங்கக் கூடாது, கழுத்தை நிமிர்த்தும்போது நீளவாட்டில் நீள வேண்டும். உட்புறத்தில் நொடிக்கு 10 முதல் 20 முறை அடிக்கும் நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதையெல்லாம் செயற்கையாகக் கட்டுவது கடினம்தான். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு இருப்பதுபோல் எடுத்துத் தைத்து இணைக்க வசதியான ஒற்றைத் தமனி மூச்சுக்குழாய்க்கு இல்லை. கீழ்த் தைராய்டு தமனியின் கிளைகளும் மூச்சுக்கிளைத் தமனிகளும் இருபுறமும் பகுதி பகுதியாக நுழைந்து, வளையங்களுக்கு இடையே மிக நுண்ணிய கிளைகளாகப் பிரிகின்றன. வெட்டி எடுத்த துண்டில் இவை எல்லாமே அறுபட்டுவிடும்.

செயற்கைச் சாரத்தின் (செல்களைத் தாங்கும் குழாய் வடிவக் கூட்டின்) மேல் செல்களைத் தூவினால் இந்தக் குறை தீர்ந்துவிடாது. ஆக்சிஜன் திசுவுக்குள் தானாக ஊடுருவிப் போகும் தூரம் 100 முதல் 200 மைக்ரான் மட்டுமே. மூச்சுக்குழாய்ச் சுவரோ மில்லிமீட்டர் கணக்கில் தடிமன் கொண்டது. புதிய நுண்நாளங்கள் மிகச் சாதகமான சூழலிலும் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரின் ஒரு பகுதி அளவுக்குத்தான் வளர்கின்றன. 6 செ.மீ. நீளத் துண்டைப் பொருத்தினால், இரு முனைகளிலிருந்தும் நாளங்கள் புறப்பட்டு நடுப்பகுதியைச் சேர மாதக்கணக்காகும். வெளிப்புறத்தில் தசையையோ, வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையான ஓமென்டத்தையோ சுற்றினால் அந்தத் தூரம் சில மில்லிமீட்டராகக் குறையும். அப்போதும் வாரங்கள் ஆகும். உட்பரப்பில் வைத்த செல்களால் அத்தனை நாள் காத்திருக்க முடியாது. சில நாட்களிலேயே இறந்து உதிர்ந்துவிடும்.

அதன் பிறகு நடப்பது ஏறக்குறைய எல்லா நேரங்களிலும் ஒரே வரிசையில்தான் நடக்கிறது. மூச்சுக்குழாயின் உட்பக்கம் வெளிக்காற்றோடும் தொண்டையின் கிருமிகளோடும் நேரடித் தொடர்பில் இருக்கிறது. மேலணி எனப்படும் உட்புறச் செல் படலம் இல்லாத வெறும் பரப்பில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. அழற்சி வருகிறது, சிவந்த சதை வளர்கிறது, அது தழும்பாகிச் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க மூச்சின் பாரம் நேர்விகிதத்தில் கூடுவதில்லை. சீரான காற்றோட்டத்தில் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும், 16 மி.மீ. விட்டம் 8 மி.மீ. ஆனால் தடை 16 மடங்காகும். சுழன்று செல்லும் காற்றில் நிலைமை இன்னும் மோசம். விட்டம் 8 மி.மீ. அளவுக்கு இறங்கினால் படியேறும்போது மூச்சு வாங்கும். 5 மி.மீ. அளவுக்கு இறங்கினால் உட்கார்ந்திருக்கும்போதே இரைச்சல் கேட்கும். இன்னொரு பக்கம், உயிரற்ற பொருளோடு நோயாளியின் திசு ஒட்டாததால் தையல் விளிம்பு விரிகிறது. அந்த இடைவெளி வழியாகக் காற்றும் கிருமியும் மார்புக்குள் போகின்றன. துண்டின் விளிம்பு முன்புறமாகக் குறுக்கே ஓடும் பெரிய தமனியை அரித்துவிட்டால், நோயாளியைக் காப்பாற்ற நிமிடங்கள்கூடக் கிடைக்காது.

இது எங்கள் ஊகம் இல்லை. 2011இலும் 2012இலும் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு அறுவை மருத்துவர் பாலோ மக்கியாரினி செயற்கை மூச்சுக்குழாய்களைப் பொருத்தினார். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்களைப் பிளாஸ்டிக் சாரத்தின் மேல் சுமார் 36 மணி நேரம் பயோரியாக்டர் என்ற செல் வளர்ப்புக் கருவியில் சுழற்றினார்கள். மூவருமே இறந்தார்கள். 2014இல் அதே மருத்துவமனையின் மருத்துவர்கள் நால்வர் எழுத்தில் புகார் கொடுத்தார்கள். 2015இல் வெளி விசாரணையாளர் ஆய்வு முறைகேடு நடந்திருக்கிறது என்று சொன்ன பிறகும், கரோலின்ஸ்கா நிறுவனத் தலைமை மக்கியாரினியைக் குற்றமற்றவர் என்றது. 2018இல்தான் அந்த முடிவு மாறியது. செயற்கை மூச்சுக்குழாய்க் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2023 ஜூனில் ஸ்வீடனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. பார்சிலோனாவில் 2008இல் நடந்த, இந்தத் துறைக்கே உலகப் புகழ் தேடித் தந்த முதல் அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரையையும் லான்செட் மருத்துவ இதழ் 2023இல் திரும்பப் பெற்றது.

இந்த வரலாற்றைப் பலர் ஒரு தனிமனிதரின் குற்றமாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நாங்கள் அப்படிப் படிக்கவில்லை. அந்தச் சிகிச்சைத் திட்டத்தை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த எந்தக் குழுவாவது முன்கூட்டியே படித்திருந்தால், 36 மணி நேரம் என்ற ஒரு எண்ணே போதுமானதாக இருந்திருக்கும். மூச்சுப்பாதையின் அடித்தளச் செல்களை ஒரு சிறு திசு மாதிரியிலிருந்து போதுமான எண்ணிக்கைக்குப் பெருக்கவே இரண்டு மூன்று வாரம் தேவை. பிறகு அவற்றின் மேற்புறத்தைக் காற்றிலும் கீழ்ப்புறத்தை ஊட்டக் கரைசலிலும் வைத்து வளர்க்க வேண்டும். அப்படி 21 முதல் 28 நாள் கழிந்தால்தான் நுண்மயிர்கள் முளைத்து அடிக்கத் தொடங்கும். மஜ்ஜைச் செல்கள் ஒன்றரை நாளில் மூச்சுக்குழாய் மேலணியாக மாறாது. எத்தனை நாள் சுழற்றினாலும் மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

எண்ணிக்கையையும் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1.8 செ.மீ. உள்விட்டமும் 6 செ.மீ. நீளமும் உள்ள குழாயின் உட்பரப்பு ஏறத்தாழ 34 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 1 லட்சம் முதல் 3 லட்சம் செல்கள் என்று வைத்தால் 34 லட்சத்திலிருந்து 1 கோடி வரை செல்கள் வேண்டும். வைத்ததில் பாதி ஒட்டாமல் கழன்றுபோகும் என்று எடுத்துக்கொண்டால் இது இரட்டிப்பாகும். அவ்வளவு செல்களை வேகமாகப் பெருக்கினால், ஒவ்வொரு முறை பிரித்து வளர்க்கும்போதும் அடித்தளச் செல்கள் நுண்மயிர்ச் செல்லாக மாறும் திறனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கின்றன. குருத்தெலும்புச் செல்களின் கதையும் இதேதான்: தட்டையான தட்டில் பெருக்கப் பெருக்க குருத்தெலும்புக்கே உரிய இரண்டாம் வகைக் கொலாஜன் புரதத்தை விட்டுவிட்டு, தழும்பில் காணப்படும் முதல் வகையைச் செய்யத் தொடங்கும். எத்தனையாவது தலைமுறைச் செல்லைப் பொருத்தப் போகிறார்கள், அந்தத் தலைமுறையிலேயே நுண்மயிர் முளைப்பதைக் காட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாம் தலைமுறையில் எடுத்த அழகான படத்தை ஒட்டிவிட்டு ஆறாம் தலைமுறைச் செல்லை அறுவை அரங்குக்கு அனுப்பும் வழக்கம் உண்டு.

சாரம் தானமாகப் பெற்ற மூச்சுக்குழாய் என்றால், செல் நீக்கம் பற்றிய பகுதியைக் கவனமாகப் படியுங்கள். சோடியம் டிஆக்ஸிகோலேட் போன்ற சவர்க்காரப் பொருளிலும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியிலும் மாறி மாறி ஊறவைத்துக் கழுவுவதுதான் வழக்கமான முறை. உலர் எடையில் ஒரு மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்குக் குறைவான இரட்டை இழை டி.என்.ஏ., 200 கார இணைக்கும் குறைவான டி.என்.ஏ. துண்டு நீளம், நுண்ணோக்கியில் உட்கரு தெரியாமை ஆகிய மூன்றும் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. குருத்தெலும்பு அடர்த்தியானது, சவர்க்காரம் உள்ளே போகப் பல சுற்றுகள் தேவைப்படும். ஒவ்வொரு சுற்றிலும் குருத்தெலும்புக்கு விறைப்பைத் தரும் கிளைகோஸ்அமினோகிளைக்கான்களும் கரைந்து வெளியேறுகின்றன. முழுவதும் சுத்தமான சாரம் மூச்சை இழுக்கும்போது மடிந்துவிடும். விறைப்பான சாரத்தில் கொடையாளரின் செல் மிச்சம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறார்கள் என்பதை எண்ணிலே சொல்ல வேண்டும். டி.என்.ஏ. அளவைக் குருத்தெலும்புக்கும் சவ்வுக்கும் தனித்தனியே கேளுங்கள். சேர்த்து அரைத்து எடுத்த சராசரி எதையும் காட்டாது. அமுக்கும் சோதனையையும் தையல் இழுவைச் சோதனையையும் ஈரமான நிலையில், 37 டிகிரியில், சேமிப்புக் காலம் முடிந்த துண்டிலேயே செய்திருக்க வேண்டும். நேற்றுச் செய்த துண்டின் வலுவை வைத்து மாதக்கணக்கில் குளிர்பெட்டியில் இருந்ததை மதிப்பிடக் கூடாது.

2010இல் லண்டனில் ஒரு சிறுவனுக்கு இவ்வகைச் செல் நீக்கிய தானக் குழாய் பொருத்தப்பட்டது. சிறுவன் பிழைத்தான், அது மகிழ்ச்சிக்குரியது. 2012இல் வெளியான இரண்டாண்டு அறிக்கையை முழுதாகப் படித்தவர்களுக்கு அதிலுள்ள விலையும் தெரியும். மேலணி மீண்டும் உருவாக ஏறக்குறைய ஓராண்டு ஆனது. குழாய் தன் வலுவில் நிற்க 18 மாதம் ஆனது. இடைப்பட்ட காலத்தில் ஸ்டென்ட்டும் (குழாயை உள்ளிருந்து தாங்கும் வலைக்குழல்) திரும்பத் திரும்பச் செய்த உள்நோக்கிச் சிகிச்சையும் (மூச்சுப்பாதைக்குள் கருவியைச் செலுத்திப் பார்த்துச் செய்வது)தான் மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருந்தன. பின்னர் அதே அணுகுமுறையில், மருந்துத் தயாரிப்புத் தரத்துக்கு ஏற்ப உருவாக்கிய குழாயைப் பெற்ற ஒரு பதின்வயதுச் சிறுமி மூன்றாம் வாரத்தில் மூச்சுப்பாதை திடீரென அடைபட்டு இறந்தாள். மார்புக்குள் ஏற்பட்ட ரத்தக்கசிவு காரணமாக இருக்கலாம் என்று அந்த மருத்துவர்களே எழுதினார்கள். வலுவில்லாத குழாயை வெளியிலிருந்து எது அழுத்தினாலும் அது மூடிக்கொள்ளும். தோல்வியை மறைக்காமல் பதிவு செய்த அந்தக் குழுவை நாங்கள் மதிக்கிறோம். உங்களிடம் வரும் விண்ணப்பதாரர்களும் அதே நேர்மையோடு எழுத வேண்டும்.

ரத்தத்தை முதலில் யோசித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பெல்ஜியத்தின் லூவனில் பியர் டிலேர் குழுவினர் தான மூச்சுக்குழாயை முதலில் நோயாளியின் முன்கையில், அங்குள்ள ரத்தநாளங்களோடு கூடிய திசுவால் சுற்றி மாதக்கணக்கில் வைத்தார்கள். நோயாளியின் வாய்ச் சவ்வையும் அதில் ஒட்டினார்கள். நாளங்கள் உள்ளே வளர்ந்த பிறகுதான், அந்தத் தமனியோடும் சிரையோடும் சேர்த்துக் கழுத்துக்கு மாற்றினார்கள். அதன் அறிக்கை 2010இல் வெளியானது. 2021 ஜனவரியில் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் எரிக் ஜென்டன் குழுவினர் கொடையாளரின் மூச்சுக்குழாயை அதன் ரத்தநாளங்களோடு எடுத்து, 18 மணி நேர அறுவை சிகிச்சையில் நேரடியாக இணைத்தார்கள். அதற்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வேண்டும். புற்றுநோயாளிக்கு அது பெரும் தடை. பாரிஸில் இமானுவேல் மார்ட்டினோ குழுவினர் வேறு வழியில் போனார்கள். உறைநிலையில் காத்த தானப் பெருந்தமனித் துண்டை ஸ்டென்ட் தாங்கலோடு வைத்தார்கள். எந்தச் செல்லும் விதைக்கவில்லை. 2018இல் வெளியான முடிவுகளில், அப்படிப் பொருத்தப்பட்ட 13 பேரில் 10 பேர் ஏறக்குறைய நான்கு ஆண்டுத் தொடர் கவனிப்பின் முடிவில் உயிருடன் இருந்தார்கள். அந்த 10 பேரில் 8 பேர் ஸ்டென்ட் எடுத்த பிறகும் இயல்பாக மூச்சுவிட்டார்கள். செல் விதைக்காத ஒரு முறை இவ்வளவு தருகிறது என்றால், செல் விதைக்கும் முறை அதைவிட எதைக் கூடுதலாகத் தரும் என்று நிறுவ வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருடையது.

திசுப் பொறியியலின் தெளிவான வெற்றி ஒன்றும் இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2012 முதல், மூச்சுக்கிளைக் குழாய் தொய்ந்து மூடிக்கொள்ளும் குழந்தைகளுக்கு பாலிகேப்ரோலாக்டோன் என்ற கரையும் பொருளில் அச்சிட்ட தாங்கியைக் குழாயின் வெளியே தைத்தார்கள். சுமார் மூன்று ஆண்டில் அது கரைந்துவிடும். ஒரு பக்கம் திறந்த வடிவம் என்பதால் குழந்தை வளர வளரக் குழாயும் விரிய முடிந்தது. அங்கே உட்சவ்வும் ரத்தநாளங்களும் தொடப்படவே இல்லை. அதனால்தான் அது பலித்தது.

இனி விண்ணப்பத்தில் நீங்கள் தேட வேண்டியவை. முதலில், இந்த நோயாளிக்கு மாற்றுக் குழாய் உண்மையிலேயே தேவையா? வளர்ந்தவரில் மூச்சுக்குழாயின் ஏறக்குறைய பாதி நீளத்தையும், குழந்தையில் மூன்றில் ஒரு பங்கையும் வெட்டி எடுத்து முனைகளை நேராகச் சேர்க்கலாம். பிறவியிலேயே நீளமாகச் சுருங்கிய குழாயைக் குறுக்கே வெட்டி, இரு பாதிகளையும் நீளவாக்கில் பிளந்து, ஒன்றன் மேல் ஒன்று சறுக்கித் தைத்து அகலப்படுத்தலாம். டி வடிவக் குழாயோ ஸ்டென்ட்டோ வைத்து ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ‘வேறு வழியில்லை’ என்று எழுதியவர் இந்த அறுவை சிகிச்சைகளைத் தொடர்ந்து செய்பவரா? இல்லையென்றால், செய்பவர் ஒருவரின் எழுத்துப்பூர்வக் கருத்து வேண்டும்.

விலங்கு ஆய்வில் எங்கள் கவலை அதிகம். முன்சுவரில் ஒரு சிறு ஒட்டுப் போட்ட முயல் நன்றாக இருந்தது என்பது முழு வளையக் குழாய்க்கு ஆதாரம் ஆகாது; சிறு ஓட்டையை முயலின் உடல் தானாகவே மூடிக்கொள்ளும். செம்மறி ஆடு, பன்றி போன்ற பெரிய விலங்கில், மனிதருக்குத் திட்டமிட்ட விகிதத்திலான நீளத்தில், முழு வட்டமாகப் பொருத்தி, குறைந்தது ஆறு மாதம் கவனித்திருக்க வேண்டும். ஸ்டென்ட்டை எடுத்த பிறகும் குழாய் திறந்திருந்ததா என்பதே கேள்வி. உள்ளே ஸ்டென்ட் இருக்கும்வரை ஈரத்துணியும் திறந்திருக்கும். செல் விதைக்காத அதே சாரத்தைப் பொருத்திய ஒப்பீட்டுக் குழு கட்டாயம் வேண்டும். இடையில் இறந்த, கருணைக் கொலை செய்யப்பட்ட விலங்குகள் அனைத்தும் அட்டவணையில் இருக்க வேண்டும். திசு மாதிரியைத் துண்டின் நடுவிலிருந்து எடுத்திருக்க வேண்டும். தையல் விளிம்பில் எடுத்தால் தெரிவது பக்கத்திலிருந்து ஊர்ந்து வந்த விலங்கின் சொந்த மேலணிதான்.

தயாரிப்பு நாளைப் பற்றிய கேள்வி பலருக்குத் தோன்றுவதில்லை. வழக்கமான கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வர 14 நாள் ஆகும். செல் போர்த்திய குழாய் அத்தனை நாள் காத்திருக்காது. அப்படியானால் எந்த விரைவுச் சோதனையை நம்பி வெளியே அனுப்புகிறார்கள்? மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி, எண்டோடாக்சின் என்ற கிருமி நச்சு, உயிருள்ள செல்களின் விழுக்காடு ஆகியவற்றுக்கு எந்த எல்லையைத் தாண்டினால் குழாயை நிராகரிப்பார்கள்? அறுவை சிகிச்சைக்குப் பிறகு சோதனைத் தட்டில் கிருமி வளர்ந்தால் நோயாளிக்கு என்ன செய்வார்கள்? காலையில் குழாய் தகுதி பெறவில்லை என்றால் நோயாளியை மயக்கத்துக்கே கொண்டுபோகக் கூடாது என்று எழுத்தில் இருக்கிறதா?

அடுத்தது எங்கள் மையக் கேள்வி. ரத்தம் எந்த நாளத்திலிருந்து, எந்தத் திசுவின் வழியாக, எத்தனை நாளில் உட்பரப்பைச் சேரும்? விலங்கில் அதை எப்படி அளந்தார்கள்? ஓமென்டத்தைச் சுற்றுவோம் என்ற ஒற்றை வரி போதாது. முன்கையிலோ தசையிலோ முதலில் வைத்து நாளங்கள் வளர்ந்த பின் இடம் மாற்றும் இரண்டு கட்ட முறையை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்பதற்கும் விடை வேண்டும். குழாய்க்கும் முன்புறப் பெருந்தமனிக்கும் நடுவே தசைத் திரை வைக்கப்படுமா என்பதை அறுவைத் திட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

நோயாளி உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும் வெற்றியாக எழுத விடாதீர்கள். மிகக் குறுகிய இடத்தின் விட்டம், நடுத்துண்டில் மேலணியின் நிலை, தொட்டால் ரத்தம் கசிகிறதா, ஸ்டென்ட் இருந்த நாட்கள், செய்த உள்நோக்கிச் சிகிச்சைகளின் எண்ணிக்கை ஆகியவை முன்கூட்டியே வரையறுத்த அளவீடுகளாக இருக்க வேண்டும். முதல் மாதம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் உள்நோக்கிப் பரிசோதனை என்பது எங்கள் பரிந்துரை. ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே குறைந்தது ஆறு மாத இடைவெளி வையுங்கள். தழும்புச் சுருக்கம் மெதுவாகவே வருகிறது. முதல் நோயாளி வீடு திரும்பிய படத்தைக் காட்டி இரண்டாவது நோயாளிக்கு அனுமதி கேட்பதை ஏற்காதீர்கள். தையல் விரிதல், பெரும் ரத்தக்கசிவு, விட்டம் பாதிக்குக் கீழே போதல், இவற்றில் ஒன்று நடந்தாலும் ஆய்வு தானாக நிற்க வேண்டும். மீண்டும் தொடங்கும் முடிவை விண்ணப்பதாரர் எடுக்கக் கூடாது.

ஒப்புதல் படிவத்தில் ‘உங்கள் சொந்தச் செல்களால் ஆன புதிய மூச்சுக்குழாய்’ என்ற சொற்றொடர் இருந்தால் அடித்துவிடுங்கள். நோயாளி பெறுவது செல் தூவிய ஒரு சாரம். அந்தச் செல்களில் பெரும்பகுதி இறக்கக்கூடும், மாதக்கணக்கில் ஸ்டென்ட் தேவைப்படலாம், திடீர் மரணம் நேரலாம், இதே வகைச் சிகிச்சையில் முன்பு மரணங்கள் நேர்ந்திருக்கின்றன என்ற நான்கும் அவருடைய மொழியில், எளிய சொற்களில் இருக்க வேண்டும். மூச்சுக்குத் திணறுகிறவர் எதற்கும் கையெழுத்திடுவார். ஆகவே அறுவை செய்யப்போகும் குழுவைச் சேராத ஒருவர் உட்கார்ந்து விளக்க வேண்டும்.

கருணை அடிப்படையிலான விதிவிலக்கு என்ற வழியாக வரும் கோரிக்கைகளிடம் இன்னும் கவனமாக இருங்கள். நிரூபிக்கப்படாத சிகிச்சையைத் தனி நோயாளிக்குப் பயன்படுத்தலாம் என்று மருத்துவ ஆய்வு நெறிமுறைகளை வகுக்கும் ஹெல்சின்கி பிரகடனம் இடம் தருகிறது உண்மைதான். அதே பத்தி, துறை வல்லுநர் கருத்தைப் பெற வேண்டும், பிறகு அதன் பாதுகாப்பையும் பயனையும் ஆய்வுக்கு உட்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாவது நோயாளிக்கும் மூன்றாவது நோயாளிக்கும் அதே விதிவிலக்கைக் கேட்டால், அது விதிவிலக்கு இல்லை. பதிவு செய்யாத ஆய்வு.

உங்கள் குழுவில் மூச்சுக்குழாய் அறுவை மருத்துவரோ திசு நோய்க்குறியியல் வல்லுநரோ இல்லையென்றால், விண்ணப்பதாரரோடு சேர்ந்து கட்டுரை எழுதாத ஒருவரை வெளியிலிருந்து அழையுங்கள். நுண்ணோக்கிப் படங்களைக் கட்டுரையிலிருந்து பார்க்காமல், மூலக் கண்ணாடித் தகடுகளாகவே வரவழைத்து அவரிடம் கொடுங்கள். விலங்கு ஆய்வின் முழுப் பதிவேட்டையும் அவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு கூட்டத்துக்கு நாள் குறியுங்கள்.

அன்புடன்,
மூச்சுக்குழாய் அறுவை சிகிச்சையிலும் திசுப் பொறியியலிலும் பணிபுரிவோர்